ராயப்பனுக்கு ஒரு நிமிடம்

கழுத்தில் தொங்குவது தாயத்து இல்லை தம்பி, ஸ்டாப் வாட்ச். ஏறியதிலிருந்து நீங்கள் இதையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள், கேட்கத்தான் கூச்சம். எனக்கும் கூச்சம்தான். அதனால் திண்டுக்கல்லிலிருந்து பதினோரு நிமிடமாக இரண்டு பேரும் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பதினோரு நிமிடம் நாற்பது விநாடி. வண்டி கிளம்பியதே நான்கு நிமிடம் பிந்தி. நடத்துனரிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவார்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றால் விளையாட்டு மைதானத்துக்குக் கோடு போடுகிறவன். அந்த முப்பத்தொரு வருடத்தில் முதல்வர் அறைக்குள் நின்று நான் வாய் திறந்தது ஒன்பது தடவை. அதில் நான்கு தடவை ‘சரிங்கய்யா’ என்றதோடு சரி. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் எண்ணச் சொன்னால் எண்ணுவேன். கால்பந்து மைதானத்துக்கு ஒருமுறை கோடு போட இரண்டு மூட்டை சுண்ணாம்புப் பொடி பிடிக்கும், தரை ஈரமாக இருந்தால் இரண்டேகால். ஆட்டம் நடக்கும்போது மேசையில் உட்கார்ந்து நேரம் பார்ப்பதும் நான்தான். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும், அத்தனை வருடம் நான் நேரம் பார்த்த இந்த வாட்சையும் கொடுத்தார்கள். சால்வையை மகள் எடுத்துக்கொண்டாள். திருச்சியில் இருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் போகிறேன்.

நீங்கள் கேட்க நினைத்தது வாட்சைப் பற்றி. வாட்சைச் சொன்னால் ராயப்பனைச் சொல்ல வேண்டும்.

ராயப்பனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன். வரலாற்றில் என்ன மதிப்பெண் வாங்கினான் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இடப்பக்க ஓரத்தில் ஆடுவான். மூன்று வருடத்தில் கல்லூரிக்காக நாற்பத்தொரு ஆட்டம், முப்பத்தெட்டு கோல். வெளியூர் ஆட்டங்களுக்குப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன், அதனால் நாற்பத்தொன்றையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். முப்பத்தெட்டு. ஊரில் வேறு எண் சொல்லுவார்கள். நம்பாதீர்கள்.

எனக்கு அவனைப் பிடிக்காது.

ஏன் என்று சொல்கிறேன். மைதானத்தின் மூலையில் கொடிக்கம்பைச் சுற்றிக் கால்வட்டமாக ஒரு கோடு உண்டு. நேர்கோட்டைக் கயிறு பிடித்துப் போட்டுவிடலாம். வளைந்த கோட்டைக் குந்தி உட்கார்ந்துதான் போட வேண்டும். இவன் கோல் அடித்தால் நேராக அந்த மூலைக்கு ஓடிவந்து, முழங்காலில் விழுந்து, வழுக்கிக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே போவான். கோடு போச்சு. நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

“மார்க்கரண்ணே, மன்னிச்சுக்கங்க. அடுத்த கோலுக்கு அந்த மூலைக்குப் போறேன்” என்பான்.

அந்த மூலையிலும் கோடு போட்டவன் நான்தானே?

படிப்பு முடிந்து ஒரு மில் அணிக்கு ஆடப் போனான். இருபத்து நான்கு வயதில் மஞ்சள் காமாலை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் ஜமால் சைக்கிளில் வந்து சொன்னார். அன்றைக்கு நான் கோடு போடவில்லை. சுண்ணாம்பு இருப்பு இல்லை என்று பதிவேட்டில் எழுதினேன். நான்கு மூட்டை இருந்தது.

ஜமால் யாரென்று சொல்லவில்லையே. எங்கள் மைதானத்தில் மேற்குப் பக்கம் படிக்கட்டு மேடை, அது மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும். கிழக்குப் பக்கம் ஒன்றும் கிடையாது, கோடும் அதை ஒட்டி ஒரு மண்மேடும்தான். மதில் இடிந்த இடம் வழியாக ஊர்க்காரர்கள் வந்து அங்கே நிற்பார்கள். காய்கறி மார்க்கெட் ஆட்கள், ஆட்டோக்காரர்கள், பூட்டுப் பட்டறை ஆட்கள். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள், ஆனால் ராயப்பன் பந்தைத் தொட்டால் கல்லூரியே அவர்களுடையது மாதிரி கத்துவார்கள். அவர்களுக்கே ‘கிழக்குக் கோடு’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நல்ல ஆட்டத்துக்கு இருநூற்று அறுபது பேர் இருப்பார்கள். ஜமால் அவர்களில் தலை, பூட்டுப் பட்டறைக்காரர். அடுத்தது தெய்வேந்திரன், ஆட்டோ. பெரிய குரல். அவருடைய ஆட்டோவுக்கு ஹாரன் கிடையாது, தேவைப்படவில்லை.

ராயப்பன் போன மறு வருடமே இவர்கள் ‘ராயப்பன் நினைவுக் கோப்பை’ ஆரம்பித்துவிட்டார்கள். ஆகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிறு, எழுவர் ஆட்டம், பதினாறு அணி. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் நடுவில் வரிசையாக நிற்கும். தெய்வேந்திரன் மைக்கில், “மறைந்த நம் மாவீரன் ராயப்பன் அவர்களுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி” என்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு “நன்றி” என்பார். எல்லோரும் உட்காருவார்கள்.

முதல் வருடம் எதேச்சையாகத்தான் வாட்சை அழுத்தினேன். கையில் இருந்தது, அழுத்தினேன். ஒரு நிமிடம் இருபத்தைந்து விநாடி. தெய்வேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததில் ‘நன்றி’ சொல்ல மறந்துவிட்டார், அதனால் கூடுதல். இரண்டாம் வருடம் சரியாக அறுபது. அடுத்த வருடம் ஐம்பத்தெட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு விநாடிக்காக ஒருவரிடம் போய் நிற்க முடியுமா? ஐந்தாம் வருடம் ஐம்பத்தொன்று. பத்தாம் வருடம் நாற்பத்துநான்கு. பதினைந்தில் முப்பத்து மூன்று. கொரோனா வந்த இரண்டு வருடம் கோப்பையே நடக்கவில்லை. திரும்ப ஆரம்பித்தபோது இருபத்தாறு. போன வருடம் சிறப்பு விருந்தினருக்கு வேறொரு கல்யாணம் இருந்தது. பத்தொன்பது விநாடி.

ஒரு நிமிடம் என்று மைக்கில் சொல்லிவிட்டு பத்தொன்பது விநாடி. தொண்ணூறு நிமிட ஆட்டத்தை இருபத்தெட்டரை நிமிடத்தில் முடித்தால் ஒத்துக்கொள்வீர்களா? விகிதம் அதேதான், போட்டுப் பாருங்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ராயப்பனின் தங்கை ஒருத்தி உண்டு, அமலோற்பவம். அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது, வீட்டுக்காரர் ரயில்வே. வருடம் தவறாமல் அங்கிருந்து ரயிலில் வரும். மௌன அஞ்சலிக்குப் பக்கத்தில் நிற்கும், கோப்பையைத் தொட்டுக் கும்பிடும், புறப்பட்டுப் போய்விடும். ஆட்டம் பார்க்காது. போன வருடம் அந்தப் பத்தொன்பது விநாடி முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தது.

“இவ்வளவுதானாண்ணே?” என்றது.

நான் வாட்சைப் பார்த்தேன்.

“ஒரு ராத்திரி பூரா உக்காந்து வர்றேன். இதுக்குத்தான் வர்றேனா? அடுத்த வருசம் வர்றதா இல்லண்ணே. வயசும் ஆயிருச்சு.”

‘சரிங்கம்மா’ என்றேன். அது போய்விட்டது. கோணலாகக் கோடு போட்டுவிட்டு முதல்வரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளுக்கு அறுபது விநாடி தருகிறோம் என்று சொல்லி வரவழைத்து, நாற்பத்தொரு விநாடி குறைத்துத் தந்திருக்கிறோம். இது சரியா? இந்த வருடம் முழு அறுபது விநாடி தர வேண்டும், அந்தப் பெண் அடுத்த வருடமும் வர வேண்டும் என்று முடிவு பண்ணினேன். முடிவு பண்ணி எட்டு மாதம் கழித்து ஜமாலிடம் பேசினேன். எனக்கு அவ்வளவு நாள் ஆகும்.

பட்டறையில் ஜமால் ஒரு பூட்டைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். தெய்வேந்திரனும் அங்கேதான் இருந்தார், டீயோடு. விஷயத்தைச் சொன்னேன். வருட வாரியாக எழுதி வைத்திருந்த தாளையும் காட்டினேன்.

ஜமால் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “ஏண்ணே, இருபத்தஞ்சு வருசமா இதையா எழுதிக்கிட்டிருந்தீங்க? நான் நீங்க கண்ண மூடிச் செபம் பண்றீங்கன்னுல நெனச்சேன்!”

“அறுபது வேணும் ஜமால்.”

“பத்தொம்பது செகண்டு பத்தாதாண்ணே? அவன் என்னிக்கு பத்தொம்பது செகண்டு சும்மா நின்னிருக்கான்?”

“மைக்க வச்சுக்கிட்டு பேசாம நிக்கிறது எவ்வளவு செரமம்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே” என்றார் தெய்வேந்திரன். “நாக்கு நமநமங்கும்.”

“அப்ப நான் விசில் ஊதறேன். ஊதினா ஆரம்பம். மறுபடி ஊதினா முடிவு. நடுவுல யாராவது பேசினா மறுபடி முதல்லேருந்து.”

“முதல்லேருந்துன்னா?”

பெனால்டி அடிக்கும்போது கோல்கீப்பர் கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டால் மறுபடி அடிக்கச் சொல்வதில்லையா, அந்த மாதிரி என்று விளக்கினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். நான் அதையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஜமால் கையெழுத்துப் போடும்போது, “எனக்கு நிக்காஹ் நடந்தப்பகூட இவ்வளவு யோசிச்சுக் கையெழுத்துப் போடலண்ணே” என்றார்.

பிறகு அரக்கோணத்துக்குப் போன் போட்டு, “இந்த வருசம் அறுபது, நான் பொறுப்பு” என்று சொன்னேன். அமலோற்பவம்தான் எடுத்தது. “சரிண்ணே, நீங்க கூப்பிட்டதுக்காக வர்றேன், கடைசியா ஒருக்கா” என்றது.

அறுபது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் சோதித்துப் பார்த்தேன். என் மனைவி சகாயமேரியை நிறுத்தி விசில் ஊதினேன். பதினான்காவது விநாடியில், “உல பொங்குது, நீங்க வேற” என்று போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் முப்பத்தொன்று. அவர்தான் அதிகம்.

அந்த ஞாயிறு வந்தது. மாலை நான்கு மணி ஐம்பது. ஆட்களை எண்ணினேன், நானூற்றுப் பன்னிரண்டு. சிறப்பு விருந்தினர் எங்கள் வார்டு கவுன்சிலர். அமலோற்பவத்துக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். இரண்டு அணியும் வரிசையில் நின்றது. தெய்வேந்திரன் அறிவிப்பைச் சொல்லிவிட்டு, விசில் சத்தம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மைக்கை என் முன்னால் திருப்பி வைத்தார், பக்கத்திலேயே கிழக்குக் கோட்டில் போய் நின்றார். ஊதினேன்.

இருபத்து மூன்றாவது விநாடியில் கவுன்சிலரின் போன் அடித்தது. பக்திப் பாட்டு. அவர் அதை அணைக்கத் தேடினார், பாக்கெட் மாறி மாறித் தேடினார், பாட்டு சரணம் வரை போய்விட்டது. நான் விசில் ஊதி, மைக்கில், “மறுபடியும்” என்றேன். அதுதான் என் வாழ்க்கையில் மைக்கில் நான் பேசிய முதல் சொல்.

எல்லோரும் உட்காரப் போனவர்கள் எழுந்தார்கள்.

இரண்டாம் தடவை நன்றாகப் போனது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. நாற்பத்தொன்றில் கிழக்குப் பக்கத்திலிருந்து, “க்ளுக்” என்று ஒரு சத்தம். பார்த்தால் தெய்வேந்திரன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நிற்கிறார். ஜமால் முறைத்தார்.

“மன்னிச்சுக்கங்கப்பா. அந்த லேசு ஞாபகம் வந்துருச்சு.”

பூட்ஸ் லேசு கதை எல்லோருக்கும் தெரியும். ராயப்பன் இரண்டாமாண்டு படிக்கும்போது கல்லூரியின் பழைய செயலர் காலமானார். ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி. எல்லோரும் தலை குனிந்து நிற்க, இவன் பூட்ஸ் கட்டுகிறவன் மாதிரி குனிந்து, பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் லேசையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். விசில் ஊதியதும் இரண்டு பேரும் ஒருசேர விழுந்தார்கள். செயலருக்கு அஞ்சலி செலுத்த வந்திருந்த அவருடைய மகனே சிரித்துவிட்டார்.

கிழக்குப் பக்கம் முழுவதும் சிரிப்பு. நான் விசில் ஊதினேன். “மறுபடியும்.”

மூன்றாம் தடவை நாற்பத்தெட்டு வரை போனது. அப்போது ஜமால், என்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜமால், அடிக்குரலில் தெய்வேந்திரனிடம் சொல்கிறார்: “கோல்கீப்பர் லேசையும் பேக் லேசையும்தானே கட்டுனான்?”

“கோல்கீப்பர் இல்ல, பின்னால ஆடுற ரெண்டு பேக்கு.”

“கோல்கீப்பருய்யா! நான் பக்கத்துல நின்னேன்!”

“நீ எங்க நின்ன? அன்னிக்கு நீ மாமியா வீட்டுக்குப் போயிட்ட!”

விசில். “மறுபடியும்.”

இப்போது ஆட்கள் சத்தமாகவே முணுமுணுத்தார்கள். இரண்டு அணிப் பையன்களும் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள். கவுன்சிலர் என்னைப் பார்த்து, “பெரியவரே, மனசுல நெனச்சா போதும்ல?” என்றார். நான் தாளைக் காட்டினேன். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. முன்வரிசையில் அமலோற்பவம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றது. அழுகிறது என்று நினைத்தேன். எப்படியாவது இந்தத் தடவை முடித்துவிட வேண்டும்.

ஊதினேன். நான்காம் தடவை. என்ன ஒரு அமைதி தெரியுமா தம்பி, மேட்டில் கட்டியிருந்த ஆட்டின் மணிச் சத்தம்கூடக் கேட்டது. முப்பது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்து மூன்றில் மண்மேட்டுக்கு மேலே நின்ற ஒரு ஆள், புது ஆள், வேறொரு ஊர்க்காரராக இருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல, “எத்தன கோலு அடிச்சாராம்?” என்றார். அந்தப் பக்கத்து ஆள், “நாப்பது” என்றார்.

எனக்கே கேட்டும் கேட்காத அளவு மெதுவாகத்தான் சொன்னார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருப்பேன். இன்னும் ஏழு விநாடிதான்.

“முப்பத்தெட்டு” என்று ஒரு குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

என் முன்னால் மைக் இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

இதை நான் மௌனத்தைக் கலைத்தேன் என்று ஊரில் சொல்லித் திரிகிறார்கள். அது சரியில்லை. பேசுவது வேறு, திருத்துவது வேறு. ஒருவர் தப்பான எண் சொல்லும்போது சும்மா இருந்தால் அதுவும் ஒரு பொய்தானே? வாட்சை நிறுத்தினேன், ஐம்பத்தாறு.

கிழக்குக் கோடு கொதித்துவிட்டது. “முப்பத்தெட்டா? யாருய்யா சொன்னது?” “மார்க்கரண்ணே, என்னா இப்படிப் பண்றீங்க, அவன் செத்தும் ரெண்டு கோலப் புடுங்குறீங்களே!” “நாப்பதுதான், பேனர்லயே போட்டிருக்கு பாருங்க!” பேனரில் போட்டால் ஆயிற்றா? பேனரில் ராயப்பனுக்கு மீசைகூட வரைந்திருக்கிறார்கள், அவனுக்கு மீசையே கிடையாது.

“அப்ப எண்ணுங்க” என்று தெய்வேந்திரன் கத்தினார். “மைக்லயே எண்ணுங்க. நாங்க கேக்குறோம்!”

எண்ணினேன்.

முதல் கோல், முதலாமாண்டு, மதுரை அணி, ஏழாவது நிமிடம், இடது கால், ரயில் லைன் பக்கத்துக் கம்பம். இரண்டாவது அதே ஆட்டம், அறுபத்திரண்டாவது நிமிடம், கோல்கீப்பர் பூசணிக்காய் மாதிரி பந்தைக் கட்டிப்பிடித்தார், இவன் அவர் கையிலிருந்து தட்டிவிட்டான், நடுவர் பார்க்கவில்லை, கோல் கொடுத்தார், அதனால் எண்ண வேண்டும். மூன்றாவது திருச்சியில். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது காரைக்குடியில், மூன்றும் வலது கால். அன்று இடது காலில் பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

முதல் ஐந்து கோல் வரை மறுத்துப் பேச ஆள் இருந்தது. அதற்குமேல் மறுப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் கிழக்குப் பக்கம் கத்த ஆரம்பித்தார்கள், இப்போதுதான் விழுந்த மாதிரி. பதினோராவது கோலுக்கு ஜமால் ஓடிவந்து மேசையைத் தட்டினார். மேற்குப் பக்க மாணவர்கள், அவனைப் பார்த்தே இராத பிள்ளைகள், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “அடுத்து! அடுத்து!” அணியில் நின்ற பையன்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இருபத்து மூன்றாவது கோலில் அமலோற்பவம் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

“அந்த மழையில அடிச்சத சொல்லுங்கண்ணே. வீட்டுக்கு வந்து ஒரே சேறு. எங்கம்மா அடி பின்னிருச்சு. அது எத்தனாவது?”

“இருபத்தாறு. இன்னும் வரலம்மா. வரிசையாத்தான் சொல்லணும்.”

“சரி, சரி. வரிசையாவே வாங்க.”

இருபத்தாறை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னது. மழையில் பந்து தண்ணீரில் நின்றுவிட்டது, எல்லோரும் வழுக்கி அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், இவன் ஒருவன்தான் நடந்து வந்து, ஆமாம், நடந்து வந்து, காலால் தள்ளிவிட்டுப் போனான். அன்றைக்கும் மூலைக்கு வந்து வழுக்கினான். கோடே இல்லை, மழை ஏற்கனவே அழித்துவிட்டது. என்னைப் பார்த்து, “இன்னிக்கு நான் இல்லண்ணே” என்றான். இதையும் மைக்கில் சொன்னேன்.

அமலோற்பவம் சிரித்தது. நாற்காலி ஆடச் சிரித்தது, மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தது. “நான் ஒரு ஆட்டங்கூடப் பாத்ததில்லண்ணே” என்றது. “எங்கப்பா பொம்பளப் பிள்ளய மைதானத்துக்கு விடமாட்டாரு. எங்க வீடு வரைக்கும் சத்தம் மட்டும் கேக்கும். சத்தம் கேட்டா, ‘ஒங்கண்ணன் போட்டுட்டான்டீ’ன்னு அம்மா சொல்லும்.”

இதை எதற்கு அப்போது சொன்னது என்று தெரியவில்லை. எனக்கு இருபத்தேழாவது கோல் காத்திருந்தது.

முப்பத்தெட்டையும் முடித்தேன். முப்பத்து நான்கு நிமிடம் பதினைந்து விநாடி. நடுவர் வானத்தைப் பார்த்தார். எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. இறுதி ஆட்டத்தை இடைவேளையோடு நிறுத்தி, இரண்டு அணிக்கும் சேர்த்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பைக்குக் காது இரண்டு இருந்ததால் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

“அண்ணே, ஒங்களுக்கு விசில் குடுத்தது என் தப்பு” என்றார் ஜமால். தொண்டை கட்டிப் போயிருந்தது அவருக்கு. “அடுத்த வருசம் மதியமே ஆரம்பிச்சிருவோம். நீங்க பேசி முடிக்க.”

நான் பேச என்ன இருக்கிறது? எனக்கு அவமானமாக இருந்தது. நான்கு தடவை ஆரம்பித்து ஒரு தடவைகூட அறுபதைத் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அமலோற்பவம் புறப்படும்போது எதிரில் போகவே கூசி மேசைக்கு அடியில் விசிலைத் தேடுகிற மாதிரி குனிந்திருந்தேன். அதுவே வந்து குனிந்து பார்த்தது.

“வர்றேண்ணே. அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரரையும் கூட்டியாறேன்.”

“அறுபது ஆகலம்மா” என்றேன். “ஐம்பத்தாறுதான்.”

“அட, அதுக்கென்னண்ணே? அந்த ரெண்டு கோலு சொல்லவே இல்லையே. இவங்க நாப்பதுன்னாங்க, நீங்க முப்பத்தெட்டோட நிறுத்திட்டீங்க.”

“அது கோல் இல்லம்மா. ஒண்ணு போலீஸ்காரங்களோட பயிற்சி ஆட்டம். இன்னொண்ணு விசில் ஊதினதுக்கு அப்புறம் அடிச்சது.”

“இல்லாட்டிப் போகுது. அதையும் சொல்லணும். நான் வருவேன்.”

பார்த்தீர்களா தம்பி, எவ்வளவு பெருந்தன்மை! நான்கு விநாடி குறைத்திருக்கிறோம். அதை வாயால் குத்திக் காட்டாமல், கோல் அது இது என்று ஏதோ சாக்குச் சொல்லி, மிச்சத்தை வாங்க அடுத்த வருடமும் வருகிறேன் என்கிறது. அந்த நான்கு விநாடிக்காகத்தான் வருகிறது. எனக்குத் தெரியாதா? அதனால்தான் அடுத்த ஆகஸ்டுக்குள் நான் தயாராக வேண்டும். குறை எங்கே என்று யோசித்துவிட்டேன். மற்றவர்கள் மேல்தான். பழக்கம் இல்லை. ஆட்களை முன்கூட்டியே பழக்க வேண்டும். இரண்டு பேர், மூன்று பேராக. அதற்காகத்தான் வெளியே போனால் இந்த வாட்சை மாட்டிக்கொண்டு போகிறேன்.

வையம்பட்டி தாண்டிவிட்டோம். மணப்பாறை வர இன்னும் நேரம் இருக்கிறது. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் இப்போது ஒரு தடவை பார்க்கலாமா? ஒன்றும் செய்ய வேண்டாம். எழுந்திருக்கவும் வேண்டாம், பஸ் ஆடுகிறது. ராயப்பனை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை, பரவாயில்லை, நான் சொன்னதை வைத்து நினைத்துக்கொள்ளுங்கள். விசில் ஊதமாட்டேன், ஓட்டுநர் நிறுத்திவிடுவார். விரலைத் தூக்குகிறேன். சரியா? ஆரம்பம்.

…

…

ஓடும்போது நாக்கை இடப்பக்கம் கடித்துக்கொண்டுதான் ஓடுவான், அதைச் சொன்னேனா? பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே நாக்கு வெளியே வந்துவிடும். அதைப் பார்த்தே நான் எழுந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவிடுவேன், எப்படியும் கோல்தான் என்று. ஒரு தடவைகூட…

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். பதினேழு. நீங்கள் சிரித்துவிட்டீர்கள் தம்பி. அதனால்தான் போச்சு.

மறுபடியும்.